‘டேக்’ ஸ்பானிஷில் சிக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்க்கும்போது, மூலத்தில் ‘டேக்’ கண்ணில் பட்டதும் கை தானாக ‘தொமார்’ (எடு) என்று எழுதிவிடுகிறது. பாதி இடங்களில் அது சரியாகவே இருந்துவிடும். தொல்லையே அதுதான். எப்போதும் தப்பாக இருந்திருந்தால் அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் போயிருக்கும். மீதிப் பாதியில் வாசகர் சிரிப்பார், அல்லது குழம்புவார், அல்லது ‘இது மொழிபெயர்ப்பு’ என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு என்ன நேர்ந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்க்கொள்ளலாம்.

அதற்கு முன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சோதனை. ஆங்கில வாக்கியத்தை அகராதியில் தேடாமல், முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பஸ் பிடிக்கிறோம், சட்டையைக் கழற்றுகிறோம், பரீட்சை எழுதுகிறோம், பாட்டியைப் பார்த்துக்கொள்கிறோம், போக மூன்று மணி நேரம் ஆகிறது. ஆங்கிலம் இத்தனைக்கும் ‘டேக்’ ஒன்றையே போடுகிறது. தமிழில் வினை மாறினால் ஸ்பானிஷிலும் பெரும்பாலும் மாறும். தமிழிலும் ‘எடு’தான் வருகிறது என்றால், அதாவது முடிவெடு, நடவடிக்கை எடு, குறிப்பெடு, மாத்திரை எடுத்துக்கொள் என்றால், ‘தொமார்’ பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனை கவிழும் இடங்களும் உண்டு. அவற்றைக் கீழே வரும்போது சொல்லிவிடுகிறோம்.

உச்சரிப்பு பற்றி ஒரு வரி. ‘தொமார்’, ‘நேரம் எடுத்துக்கொள்’ என்ற பொருளுள்ள ‘தர்தார்’ இரண்டிலும் முதல் எழுத்து ‘தலை’யின் த. ‘கொடு’ என்ற பொருளுள்ள ‘தார்’ மட்டும் ‘தானம்’ என்பதில் வரும் மெல்லிய த. ‘கொண்டு போ’ என்ற பொருளுள்ள ‘யெவார்’ என்பதன் முதல் ஒலி எழுத்தில் இரட்டை எல்.

மெக்சிகோ வாசகர் சிரிக்கிறார், மாட்ரிட் வாசகர் ஒன்றும் சொல்லவில்லை

நீங்கள் ‘கொஹேர்’ எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெயினில் இதைவிடச் சாதாரணமான வினை கிடையாது. பஸ் பிடிப்பது, சாவியை எடுப்பது, ஃபோனை எடுப்பது, சளி பிடிப்பது எல்லாமே ‘கொஹேர்’. நம்முடைய ‘பிடி’க்கு அவ்வளவு அருகில் வேறு சொல் இல்லை. ஆனால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, வெனிசுவேலா ஆகிய இடங்களில் அதே வினை உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதியே இந்தப் பொருளுக்கு நாட்டுப் பெயர்களைப் போட்டுக் குறித்திருக்கிறது. கொலம்பியா, எக்வடோர், கியூபா போன்ற இடங்களில் ‘கொஹேர்’ கூச்சமில்லாமல் புழங்குகிறது. ஆகவே ‘லத்தீன் அமெரிக்காவில் கூடாது’ என்று ஒரே விதியாக மனப்பாடம் செய்துவைப்பதும் தப்பு.

செய்ய வேண்டியது: வாசகர் எந்த நாட்டவர் என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளுக்குச் சேர்த்து எழுதுகிறீர்கள் என்றால் வண்டி, சாலை, பொருள் எல்லாவற்றுக்கும் ‘தொமார்’ போடுங்கள். கையால் இறுகப் பிடிப்பதற்கு அமெரிக்கக் கண்டத்தில் ‘அகர்ரார்’ நன்றாகப் பொருந்தும்.

வண்டியின் பெயரும் கூடவே மாறும் என்பதை மறக்காதீர்கள். மாட்ரிடில் ‘கொஹேர் எல் அவுத்தோபூஸ்’, மெக்சிகோ நகரில் ‘தொமார் எல் கமியோன்’, புவெனோஸ் ஐரெஸில் ‘தொமார்ஸே எல் கொலெக்தீவோ’, ஹவானாவில் ‘கொஹேர் லா குவாகுவா’. ‘கமியோன்’ என்பது மாட்ரிட்காரருக்கு லாரி. வினையைத் திருத்திவிட்டுப் பெயரை விட்டுவைத்தால், பயணி லாரி பிடித்த கதையாகிவிடும்.

ஸ்பெயினுக்கு எழுதிய கோப்பை மெக்சிகோவுக்கு மாற்றுகிறீர்களா? ஸி-ஓ-ஜி என்ற தொடக்கத்தையும் ஸி-ஓ-ஜே என்ற தொடக்கத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். ‘நான் பிடிக்கிறேன்’ என்பதற்கான ‘கோஹோ’வில் எழுத்து ஜே ஆகிவிடுவதால், ஒரு தேடலில் இரண்டும் சிக்காது. ஆனால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். திண்டைக் குறிக்கும் ‘கொஹீன்’ அதே தேடலில் வரும். பொறுக்கு, சேகரி என்ற பொருளுள்ள ‘ரெகொஹேர்’, தேர்ந்தெடு என்ற ‘எஸ்கொஹேர்’, அடைக்கலம் கொடு என்ற ‘அகொஹேர்’ எல்லாம் எந்த நாட்டிலும் குற்றமற்றவை. பயந்துபோய் அவற்றையும் அழிக்கிறவர்கள் உண்டு, தேவையே இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் வாக்கியம் ஒட்டவே மாட்டேன் என்கிறது

‘டேக்’ தொடர்பான பிழைகளில் அதிகம் வருவது இதுதான் என்று தோன்றுகிறது. காரணம், இங்கே சொல் மட்டும் மாறவில்லை, எழுவாயும் மாறுகிறது.

‘தர்தார்’ போட்டால் நேரத்தைச் செலவழிக்கிற ஆள் எழுவாய். ‘தார்தோ ஊனா ஓரா என் யெகார்’ என்றால் நான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிறது. பொதுவாகக் கேட்கும்போது ஆள் இல்லாமல் ‘ஸே’ வரும்: ‘குவான்தோ ஸே தார்தா?’ அடுத்த வினைக்கு முன் ‘என்’ என்ற இடைச்சொல் வரவேண்டும். ‘பாரா’ போட்டால் அது ஆங்கிலத்தின் ‘டு’வைத் தூக்கி வைத்ததுதான்.

‘யெவார்’ போட்டால் அந்த வேலை எழுவாய், ஆள் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். ‘மே யெவோ தோஸ் ஓராஸ்’ என்பது ‘எனக்கு இரண்டு மணி நேரம் ஆச்சு’ என்பதற்கு அச்சு அசல். தமிழ் பேசுகிறவருக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான், ‘எனக்கு’வை ‘மே’ ஆக்கினால் போதும்.

இரண்டையும் கலந்தால்தான் பிழை. ‘மே தர்தோ தோஸ் ஓராஸ்’ என்று எழுதினால், ஆளும் வேலையும் இடம் மாறி வாக்கியம் நொண்டும். திருத்தும் வழி: வாக்கியத்தில் ‘எனக்கு, அவருக்கு’ இருந்தால் ‘யெவார்’. ‘நான், அவர்’ இருந்தால் ‘தர்தார்’. ஆனால் மெக்சிகோவில் ‘மே தர்தே’ என்பது, அதாவது ‘நான் தாமதமாகிவிட்டேன், நேரம் எடுத்துக்கொண்டேன்’ என்பது, நல்ல வழக்கு. அங்கே அந்த ‘மே’ எனக்கு அல்ல, வினையோடு ஒட்டிய ‘ஸே’யின் தன்மை வடிவம். தென் அமெரிக்காவின் பல நாடுகளில் இதே இடத்தில் ‘தெமொரார்’ அல்லது ‘தெமொரார்ஸே’ கேட்கும்.

நேரத்துக்கு ‘தொமார்’ போடலாமா? அமெரிக்கக் கண்டத்தில் போடுகிறார்கள். ஸ்பெயின் வாசகருக்கு அதில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்பதற்கு ‘தர்தார்’ கூடாது, ‘துரார்’ வேண்டும்: ‘லா பெலீக்குலா தூரா தோஸ் ஓராஸ்’. படம் யாருக்காகவும் நேரம் எடுத்துக்கொள்வதில்லை, அதன் நீளமே அவ்வளவு. அடுத்தது, ‘யேவோ தோஸ் ஓராஸ் எஸ்பெரான்தோ’. இதற்கு ‘இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்’ என்று பொருள். ‘டேக்’குக்கும் இதற்கும் உறவே இல்லை. முதல் எழுத்தில் அழுத்தம் விழுந்தால் ‘யேவோ’, நான், நிகழ்காலம். கடைசியில் விழுந்தால் ‘யெவோ’, அது, இறந்தகாலம். எழுத்தில் இந்த வேறுபாட்டைத் தாங்குவது ஓ-வின் மேலுள்ள ஒரே ஒரு கோடு.

‘வாட் டுக் யூ ஸோ லாங்’ என்பதை வளைத்துக் கட்ட வேண்டாம். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்பதற்கு ‘போர் கே தர்தாஸ்தே தான்தோ?’ ஸ்பெயினில், இப்போதுதான் வந்து நிற்கிறவரிடம், ‘போர் கே ஆஸ் தர்தாதோ தான்தோ?’ என்று கேட்பது இயல்பு.

எழுத்துக்கு எழுத்து பெயர்த்தது: கூட்டம் ‘இடம் பிடித்துவிட்டது’

‘டேக் பிளேஸ்’ என்பதை ‘தொமார் லுகார்’ என்று எழுதினால் கூட்டம் நடக்காது, நாற்காலி பிடிக்கும். சரியானது ‘தெனேர் லுகார்’. கூட்டம், தேர்தல், விழா போன்று ஏற்பாடு செய்து நடப்பவற்றுக்கு ‘ஸெலெப்ரார்ஸே’ இன்னும் அழகு: ‘லா ரெயூனியோன் ஸே ஸெலெப்ரோ என் மத்ரீத்’. விபத்து, சண்டை என்றால் ‘ஒக்குர்ரீர்’. விபத்தை ‘ஸெலெப்ரார்ஸே’ என்று எழுதிவைத்தால் கொண்டாடியது போலாகும்.

இதற்கு உறவுக்காரப் பிழை ‘தொமார் வென்தாஹா’. பந்தயத்தில் முன்னிலை பெறுவது என்றால் அது சரியான ஸ்பானிஷ். ‘டேக் அட்வான்டேஜ்’ என்ற பொருளில் எழுதியிருந்தால் தவறு. அதற்கு இரண்டு வினைகள். வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது ‘அப்ரொவெச்சார்’. ஒருவரின் இளகிய மனத்தைப் பயன்படுத்தி ஏய்ப்பது ‘அப்ரொவெச்சார்ஸே தே’. அந்த ‘ஸே’யும் ‘தே’யும் சேர்ந்ததும் நல்லவர் கெட்டவராகிவிடுகிறார். ஒரு நிறுவனத்தின் அறிவிப்பில் ‘எங்கள் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று வரும்போது ‘ஸே’ நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சோதனை கவிழும் முதல் இடமும் இதுதான். நாம் ‘ரிஸ்க் எடு’ என்கிறோம், அது ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த ‘எடு’. ஸ்பானிஷில் ஆபத்தை எடுப்பதில்லை, ஓடுகிறார்கள்: ‘கொர்ரேர் ஊன் ரியேஸ்கோ’. ‘லீவ் எடு’வும் அப்படித்தான். ‘தொமார்ஸே ஊன் தீயா லீப்ரே’ சரி, ஆனால் உடம்பு சரியில்லாமல் எடுக்கும் விடுப்பு ஸ்பெயினில் ‘பாஹா’. அதில் இருப்பவர் ‘எஸ்தார் தே பாஹா’. பொதுவாக, ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு ‘எடு’ ஒட்டிக்கொண்டு தமிழில் புழங்கினால் அந்தச் சான்றை நம்ப வேண்டாம்.

எடுத்துக்கொண்டு போனேன் என்று எழுதினால் திருடிக்கொண்டு போனேன் என்று படிக்கிறார்கள்

ஒன்றை ஓரிடத்துக்குக் கொண்டு போவது ‘யெவார்’. அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவது ‘யெவார்ஸே’. ‘கியேன் ஸே யெவோ மி பராகுவாஸ்?’ என்றால் என் குடையை யார் தூக்கிக்கொண்டு போனது? அதே ‘ஸே’ கடையில் நல்ல பிள்ளை. துணி பார்த்து முடித்து ‘ஐ’ல் டேக் இட்’ என்று சொல்ல ‘மே லோ யேவோ’ என்பதுதான் இயல்பான வாக்கியம். அங்கே ‘லோ தோமோ’ என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பார்சல் சாப்பாடு ‘பாரா யெவார்’, ‘ஸே’ இல்லாமல்.

இங்கே தமிழ்ச் சோதனை இரண்டாவது முறையாகக் கவிழ்கிறது, அதுவும் மோசமாக. நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும்போது ஃபோனில் ‘நான் இனிப்பு கொண்டு வர்றேன்’ என்கிறோம். ஆங்கிலமும் இந்த இடத்தில் நம்மைப் போலவே ‘பிரிங்’ போடுகிறது. ஸ்பானிஷில் ‘வா’வும் ‘கொண்டு வா’வும் பேசுகிறவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி மட்டுமே வரும். நீங்கள் உங்கள் வீட்டில் இருந்து பேசினால் ‘யேவோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘த்ராயிகோ’ (கொண்டு வருகிறேன்) என்று சொன்னால், நண்பர் வீட்டில் ஏற்கெனவே நிற்பது போல இருக்கும். கூப்பிட்டதும் ‘இதோ வர்றேன்’ என்பதற்கும் ‘யா வோய்’, அதாவது ‘போகிறேன்’ என்றே வரும். திருத்தும்போது ஒரே கேள்வி: இந்த வாக்கியத்தைச் சொல்கிற வாய் எங்கே இருக்கிறது?

கையில் கொடுத்துக்கொண்டே ‘டேக் இட்’ என்று சொல்வது வேறு. அதற்கு ‘தோமா’, மரியாதையாக ‘தோமே’. நம்முடைய ‘இந்தா’வும் ‘இந்தாங்க’வும் இதேதான். இங்கே ‘யெவார்’ போட்டால், வைத்துக்கொண்டு கிளம்பு என்ற தொனி வந்துவிடும்.

யாரிடமிருந்து என்பது யாருக்கு என்று மாறிப் படிக்கப்படுகிறது

அதிகாரி அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இதற்கு ‘கித்தார்’. ‘லே கித்தாரோன் எல் பஸப்போர்தே’: ‘அவரிடமிருந்து’ என்பதை ஸ்பானிஷ் ‘அவருக்கு’ என்ற ‘லே’யால் சொல்லும். ஆங்கிலத்தின் ‘ஃப்ரம்’ உறுத்தி, ‘தே’ போட்டு ‘தே எல்’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். அதை நீக்குங்கள். பிடுங்குவது, திருடுவது, கழற்றுவது, எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் இழந்தவர் ‘லே’யாகத்தான் வருவார்.

தன் உடையைக் கழற்றுவது ‘கித்தார்ஸே’. ‘மே கித்தே லா கமீஸா’ என்று சட்டைக்கு முன் ‘லா’ வரவேண்டும், ‘மி’ வேண்டாம். யாருடைய சட்டை என்பதை ‘மே’ ஏற்கெனவே சொல்லிவிட்டது.

‘ஸக்கார்’ இதிலிருந்து வேறு. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. ஏடிஎம்மில் பணம், வாசலுக்குக் குப்பை, வாயிலிருந்து பல், நரம்பிலிருந்து இரத்தம், நடைக்கு நாய், எல்லாம் ‘ஸக்கார்’. புகைப்படமும் ‘ஸக்கார்’ ஆகலாம். ‘தொமார்’ போட்டாலும் சரி, ஸ்பெயினில் ‘செய்’ என்ற பொருளுள்ள ‘அஸேர்’ போட்டாலும் சரி. மூன்றில் எதற்கும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நோயாளி கோபப்படுகிறார்: ‘நான் குடிப்பதே இல்லை’

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவர்களுக்கு இது முக்கியம். லத்தீன் அமெரிக்காவில் செயப்படுபொருள் இல்லாமல் ‘தொமார்’ வந்தால், மது அருந்துவது என்றே கேட்கும். ‘உஸ்தேத் தோமா?’ என்று கேட்டால் நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. ‘யா நோ தோமா’ என்பது ‘குடியை விட்டுவிட்டார்’. ஆகவே மாத்திரையைப் பற்றிப் பேசும்போது மாத்திரையின் பெயரை, இல்லாவிட்டால் குறைந்தது ‘மெதிஸீனா’ என்ற சொல்லை விடாமல் கூடவே சொல்லுங்கள். ‘எதையாவது எடுத்துக்கொள்கிறீர்களா’ என்று பூடகமாகக் கேட்பதும் கூடாது. ‘தொமார் அல்கோ’ என்பது ‘ஏதாவது குடிக்கலாமா’ என்ற அழைப்பு.

வெப்பநிலை, இரத்த அழுத்தம் இரண்டையும் ‘தொமார்’ செய்யலாம். ஆனால் அழுத்தம் ஸ்பெயினில் ‘தென்ஸியோன்’, அமெரிக்கக் கண்டத்தில் ‘ப்ரெஸியோன்’. மருந்து வேலை செய்யத் தொடங்குவது ‘அஸேர் எஃபெக்தோ’ அல்லது ‘ஸுர்தீர் எஃபெக்தோ’. சட்டம் நடைமுறைக்கு வருவது ‘என்த்ரார் என் விகோர்’. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘டேக் எஃபெக்ட்’.

‘தொமார்ஸே’ எப்போது? அளவு தெரிந்தால். ‘மே தொமே தோஸ் கஃபேஸ்’, இரண்டு காபி குடித்து முடித்தேன். அளவில்லாத பழக்கத்துக்கு ‘ஸே’ ஒட்டாது: ‘தோமோ கஃபே போர் லா மன்யானா’. நம்முடைய ‘எடுத்துக்கொள்’ளில் வரும் ‘கொள்’ளை வைத்து முடிவு செய்தால் இங்கே தவறும். தமிழில் அளவு இல்லாமலும் ‘கொள்’ வரும்.

தேர்வு எழுதியது மாணவரா, ஆசிரியரா?

புவெனோஸ் ஐரெஸில் ‘தொமார் எக்ஸாமென்’ செய்பவர் ஆசிரியர். அவர்தான் தேர்வு வைக்கிறார். மாணவர் செய்வது ‘ரென்தீர்’ அல்லது ‘தார்’. சிலியிலும் மாணவர் தேர்வை ‘கொடுக்கிறார்’, அதாவது ‘தார்’. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் ‘ப்ரெஸென்தார்’, ஸ்பெயினில் ‘அஸேர்’. இன்ஸ்தித்தூத்தோ ஸெர்வான்தேஸ் வழங்கும் ஸ்பானிஷ் திறன் தேர்வான டெலே போன்று பெயர் பதிவு செய்து எழுதும் தேர்வுக்கு ‘ப்ரெஸென்தார்ஸே ஆ’ நல்லது. எந்த நாடு என்று தெரியாவிட்டால் ‘அஸேர்’. எங்கும் புரியும், எங்கும் ஆள் மாறாது.

பெயர்ச்சொல் சரி, வினைதான் உறுத்துகிறது

ஆங்கிலத்தில் ‘டேக் அ வாக்’, ‘டேக் அ நேப்’ என்று வரிசையாக ஒரே வினை. ஸ்பானிஷில் பெயர்ச்சொல்தான் வினையைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் அல்ல. நடை, ஒரு சுற்று, ஒரு அடி மூன்றுக்கும் ‘தார்’: ‘தார் ஊன் பஸேயோ’, ‘தார் ஊனா வுவெல்தா’, ‘தார் ஊன் பாஸோ’. குட்டித் தூக்கமும் ஒரு பார்வையும் ‘எச்சார்’: ‘எச்சார்ஸே ஊனா ஸியெஸ்தா’, ‘எச்சார் ஊன் விஸ்தாஸோ’. பயணம் ‘அஸேர்’. படிப்பு ஸ்பெயினில் ‘அஸேர் ஊன் கூர்ஸோ’, அமெரிக்கக் கண்டத்தில் ‘தொமார் ஊன் கூர்ஸோ’. குளியலுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், ‘துச்சார்ஸே’ போதும். மெக்சிகோவில் ஷவரில் குளிப்பதையும் ‘பன்யார்ஸே’ என்பார்கள்.

‘அடி எடுத்து வை’ என்று தமிழில் ‘எடு’ வருவதைக் கவனித்திருப்பீர்கள். சோதனை கவிழும் இன்னொரு இடம் அது.

பெயர்ச்சொல் ஓர் உணர்ச்சியாக இருந்தால் வேலை சுலபம். கோபித்துக்கொள்வது ‘ஒஃபென்தேர்ஸே’, பழிவாங்குவது ‘வெங்கார்ஸே’, இரங்குவது ‘கொம்பதெஸேர்ஸே’, ஆர்வம் கொள்வது ‘இந்தெரெஸார்ஸே’. ‘டேக்’கை வெட்டிவிட்டு, உணர்ச்சியையே ‘ஸே’ ஒட்டிய வினையாக்குங்கள்.

‘டேக்’குக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் நிற்கிறது

இங்கே ‘டேக்’கை முழுவதும் மறந்துவிடுங்கள். எழுவாய் யார், செயப்படுபொருள் என்ன என்று மட்டும் பாருங்கள்.

‘டேக் ஆஃப்’: விமானம் என்றால் ‘தெஸ்பெகார்’. புதிய தொழில் சூடுபிடித்தாலும் அதே வினை வரும். உடை என்றால் ‘கித்தார்ஸே’. விலையில் 10 சதவீதம் என்றால் ‘தெஸ்கொன்தார்’. ஆள் சொல்லாமல் கிளம்பிவிட்டார் என்றால் ‘லர்கார்ஸே’, சற்றுக் கொச்சை, கண்ணியமான எழுத்தில் ‘மர்ச்சார்ஸே’.

‘டேக் ஆஃப்டர்’ குடும்பச் சாயல். ‘பரெஸேர்ஸே ஆ’ முகத்துக்கும் குணத்துக்கும் பொது. ‘ஸலீர் ஆ’ பிறவியிலேயே வந்தது என்ற அழுத்தத்தோடு. அப்பனை உரிச்சு வச்சிருக்கான் என்று நாம் சொல்லும் இடத்தில் ‘ஆ ஸலீதோ ஆ ஸு பாத்ரே’.

‘டேக் ஓவர்’தான் சட்ட ஆவணங்களில் அதிகம் சறுக்கும். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் ‘அத்கிரீர்’. வாங்கித் தனக்குள் கரைத்துக்கொண்டால் ‘அப்ஸொர்பேர்’. இரண்டும் சட்டப்படி வேறு. மூலத்தில் எது என்று உறுதியாகும்வரை தேர்ந்தெடுக்காதீர்கள். பதவி, பொறுப்பு என்றால் ‘அஸுமீர்’ அல்லது ‘அஸேர்ஸே கார்கோ தே’. அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து மாற்றிவிட்டால் ‘ரெலெவார்’.

‘டேக் ஆன்’ ஆளைச் சேர்ப்பதானால் ‘கொன்த்ரதார்’, வேலையை ஏற்பதானால் ‘அஸெப்தார்’, எதிரியோடு மோதுவதானால் ‘என்ஃப்ரென்தார்ஸே ஆ’. ‘டேக் அப்’ இடத்தை அடைப்பதென்றால் ‘ஒக்குப்பார்’. கிட்டார், யோகா போன்று புதிதாக ஒன்றில் இறங்குவதென்றால் ‘எம்பெஸார் ஆ’ போட்டு அதன் வினையைச் சேர்க்கலாம். ‘டேக் பேக்’ கடைக்குப் பொருளைத் திருப்பினால் ‘தெவொல்வேர்’, சொன்ன சொல்லை வாபஸ் வாங்கினால் ‘ரெத்திரார்’. ‘டேக் டவுன்’ குறித்துக்கொள்வதானால் ‘அபுன்தார்’, திரைச்சீலையைக் கழற்றினால் ‘தெஸ்கொல்கார்’, சாரத்தைப் பிரித்தால் ‘தெஸ்மொன்தார்’. ‘டேக் இன்’ ஏமாற்றுவது என்ற பொருளில் வரும்போது ‘எங்கன்யார்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அடைக்கலம் தருவது ‘அகொஹேர்’.

‘டேக் கேர் ஆஃப்’: ஆளைக் கவனித்துக்கொள்வது ‘குய்தார்’, ஆளுக்கு முன் ‘ஆ’ சேர்த்து, ‘குய்தார் ஆ லா அபுவேலா’. டிக்கெட், பில், சமையல் என்று காரியத்தை முடிப்பது ‘என்கர்கார்ஸே தே’. திரைக்கதையில் வில்லன் ‘அவனைக் கவனிச்சுக்கோ’ என்று சொன்னால் இரண்டாவதையே போடுங்கள், அந்த மிரட்டல் அப்படியே வந்துவிடும்.

மரபுத்தொடர் பாதி சரி, பாதி இரவல்

‘டேக் ஃபார் கிரான்டட்’ ஒரு செய்தியைப் பற்றி என்றால் ‘தார் போர் ஸென்தாதோ’ அல்லது ‘தார் போர் ஏச்சோ’. மனிதரைப் பற்றி என்றால் இந்த இரண்டும் உதவாது. ‘நோ மே வலோரா’, என் அருமை தெரியவில்லை என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ‘டேக் இன்டு அக்கவுன்ட்’ எங்கும் ‘தெனேர் என் குவென்தா’. அமெரிக்கக் கண்டத்தில் ‘தொமார் என் குவென்தா’வும் சம அளவில் இயல்பு. ‘ஐ கான்ட் டேக் இட்’ என்பது ‘நோ அகுவான்தோ மாஸ்’. ‘இட் டேக்ஸ் கரேஜ்’ என்பதில் தைரியம் தேவைப்படுகிறது, எடுக்கப்படவில்லை: ‘அஸே ஃபால்தா வலோர்’. ‘ஐ டேக் இட் யூ ஆர் கமிங்’ வெறும் ஊகம், ‘ஸுப்போங்கோ கே வியேனேஸ்’. ஒரு செய்தியைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் உப்பு, ஸ்பானிஷில் இடுக்கி: ‘தொமார் கோன் பின்ஸாஸ்’. காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குவது இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் வினை ஸ்பெயினில் ‘கொஹேர்’ என்பதால், கடல் தாண்டினால் ‘அகர்ரார்’ அல்லது ‘தொமார்’.

கையில் இருக்கும் தொடர் சரியா என்று சந்தேகம் வந்தால், இருமொழி அகராதியோடு நிறுத்தாதீர்கள். ஸ்பானிஷ் அகாதெமியின் இணைய அகராதியில் முக்கியப் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள், வினையை அல்ல. ‘தொமார்’ பதிவு மிக நீளம், ‘குவென்தா’ என்று தேடினால் தொடர் விரைவில் அகப்படும். வாசகர் அமெரிக்கக் கண்டத்தவர் என்றால் 2010-இல் வெளியான அமெரிக்க வழக்குச் சொல் அகராதியையும் பாருங்கள். பிறகு உண்மையான எழுத்திலும் பேச்சிலும் இருந்து திரட்டிய, அகாதெமியின் கோர்பேஸ் தொகுப்பில் அதே தொடரை, நாட்டுக்கு நாடு வடிகட்டிப் பாருங்கள். பயன்பாடு ஸ்பெயினில் குவிந்து மெக்சிகோவில் பூஜ்யமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. வெறும் கூகுள் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுதப்படும் மொழிபெயர்ப்புகளில் ‘தொமார் லுகார்’ வேண்டிய அளவு கிடைக்கும்.

கடைசியாக, அனுப்பும் முன் அழுத்தக்குறிகளை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். ‘தோமோ’ நான், ‘தொமோ’ அவர். ‘தார்தோ’ நான், ‘தர்தோ’ அவர். ‘ஸக்கார்’ இறந்தகாலத்தில் ‘ஸக்கே’ ஆகும்போது ஸி எழுத்து க்யூ-யு ஆகும். ‘தார்’ தரும் ‘தியோ’வுக்குக் குறி வேண்டாம். பழைய நூல்களில் இருந்த அந்தக் கோட்டை 1959-இல் நடைமுறைக்கு வந்த எழுத்து விதிகள் நீக்கிவிட்டன.